முந்திரித் தோலும் மூவாயிரம் கோடித் தங்கப் புள்ளிகளும்

எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் அந்தப் படம் தெளிந்து வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கரிய தரை. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒன்றைச் சுற்றி ஆறு, அந்த ஆறில் ஒவ்வொன்றைச் சுற்றியும் இன்னோர் ஆறு என்று திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் சுத்தத் தங்கம். ஒவ்வொன்றின் விட்டமும் பத்து நானோமீட்டருக்குள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 60 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. இரண்டு நாள் முன்னால் ஒரு சிலிக்கான் சில்லை மஞ்சள் நிறக் கரைசலில் முக்கி எடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். புள்ளிகளை அடுக்கியது நான் இல்லை. எந்த இயந்திரமும் இல்லை. அவை தாமாகவே போய் உட்கார்ந்துகொண்டன.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பதினைந்து வருடமாகப் பல்லுறுப்பிகள் (பாலிமர்கள்) பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட ஒரு பல்லுறுப்பி எனக்கு எதையும் கட்டிக் காட்டியதில்லை. பெங்களூரிலும் புது தில்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடத்தும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம். என் ஆசிரியர் வாழ்க்கையை அந்த இரண்டு மாதத்துக்கு முன், பின் என்றுதான் பிரிக்க வேண்டும்.

அந்தச் சில்லின்மேல் என்னதான் நடக்கிறது? ஒரு மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியில் இரண்டு மாடுகள். ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது. அவிழ்த்து விட்டால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். ஆனால் நுகத்தடி விடாது. இப்படிக் கோடிக்கணக்கான ஜோடிகளை ஒரே களத்தில் விட்டால் என்ன ஆகும்? வெள்ளை மாடுகள் எல்லாம் வெள்ளை மாடுகளைத் தேடி முகம் திருப்பும், கறுப்பு மாடுகள் கறுப்பைத் தேடும். யாரும் நுகத்தடியின் நீளத்துக்கு மேல் விலகிப் போக முடியாது. கடைசியில் களம் முழுக்க வெள்ளை வரி, கறுப்பு வரி, மறுபடி வெள்ளை வரி என்று ஒரே சீரான பட்டைகள் நிற்கும். பிளாக் கோபாலிமர் என்பது இதுதான். பாலிஸ்டைரீன் போன்ற ஒரு சங்கிலி, அதோடு ஒட்டாத வேறொரு சங்கிலி, இரண்டின் நுனிகளையும் ஒரே ஓர் இடத்தில் வேதிப் பிணைப்பால் முடிச்சுப் போட்டது. எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரியவும் துடிக்கிறது, பிரியவும் முடியவில்லை. அந்தத் தவிப்பிலிருந்துதான் ஒழுங்கு பிறக்கிறது.

இரண்டு சங்கிலியும் சம அளவு என்றால் பலகை அடுக்கியதுபோல் தட்டுகள் வரும். ஒன்றைக் குறைத்தால் அது உருளைகளாகி மற்றொன்றுக்குள் நிற்கும். இன்னும் குறைத்தால் உருண்டைகள். சங்கிலியை நீளமாக்கினால் வடிவம் பெரிதாகும், குட்டையாக்கினால் சிறிதாகும். எல்லாம் பத்திலிருந்து நூறு நானோமீட்டருக்குள். இதன் கணக்கை லூத்விக் லெய்ப்லர் 1980ல் எழுதி வைத்துவிட்டார். இப்படிப்பட்ட சங்கிலிகளை நீளம் பிசகாமல் செய்ய முடிவதற்கு 1956ல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் கண்டுபிடித்த உயிர்ப்புப் பாலிமராக்கம் காரணம். இதெல்லாம் எங்கோ ஆய்வகத்தில் மட்டும் இருக்கும் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டைரீன், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்று மூன்று துண்டு சேர்ந்த ரப்பரில்தான் பல செருப்புகளின் அடித்தட்டு செய்கிறார்கள். சாலைக்குப் போடும் தாரிலும் அதைக் கலக்கிறார்கள். நாம் தினமும் நானோ அமைப்புகளை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம்!

என் தங்கப் புள்ளிகள் வந்த வழி இன்னும் அழகு. பாலிஸ்டைரீனும் பாலிவினைல்பிரிடினும் முடிச்சுப் போட்ட கோபாலிமரை டொலுவீனில் கரைக்க வேண்டும். டொலுவீனுக்குப் பாலிஸ்டைரீனைப் பிடிக்கும், பிரிடின் பக்கத்தைப் பிடிக்காது. அதனால் பிரிடின் துண்டுகள் எல்லாம் நடுவில் கூடி ஒளிந்துகொள்ளும். பாலிஸ்டைரீன் துண்டுகள் வெளியே தலைமுடிபோல் விரிந்து நிற்கும். மைசெல் என்கிற பந்து தயார். இப்போது தங்க உப்பைப் போடுகிறோம். அமிலத் தன்மை உள்ள அந்த உப்பு டொலுவீனில் கரையாது. ஆனால் பந்தின் நடுவே இருக்கும் பிரிடினுக்கு அமிலம் என்றால் உயிர். ஒரு நாள் முழுக்கக் கலக்கினால் தங்க உப்பு மொத்தமும் பந்துகளின் வயிற்றுக்குள் போய்விடும். அடியில் கிடந்த துகள் மறைந்து கரைசல் கண்ணாடிபோல் தெளிந்து மஞ்சளாகும். காலையில் போய்ப் பார்த்து அந்தத் தெளிவைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, முதல் குழந்தை நடந்த அன்று வந்த மாதிரி.

அந்தக் கரைசலில் சில்லை முக்கி, மெதுவாக, ஒரே வேகத்தில் மேலே தூக்க வேண்டும். டொலுவீன் ஆவியாகப் போகும்போது பந்துகள் ஒன்றையொன்று நெருக்கி ஒரே படலமாகப் படியும். கூடையில் எலுமிச்சம் பழம் அடுக்கினால் ஒன்றைச் சுற்றி ஆறு வருமே, அதே கணக்கு. பிறகு சில்லை பிளாஸ்மா அறைக்குள் வைத்தால் பாலிமர் முழுக்க எரிந்து போய்விடும், தங்க உப்பு தங்கமாகிவிடும். ஒவ்வொரு பந்தும் நின்ற இடத்தில், சரியாக அதன் நடுவில், ஒரே ஒரு தங்க மணி. பந்து போய்விட்டது, அது விட்டுப்போன இடைவெளி மட்டும் நிலைத்துவிட்டது. ஜெர்மனியில் யோவாகிம் ஷ்பாட்ஸும் மார்ட்டின் மோல்லரும் அவர்கள் குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது. பாலிமரின் நீளத்தை மாற்றினால் இடைவெளி மாறும், தங்க உப்பின் அளவை மாற்றினால் மணியின் பருமன் மாறும். இரண்டு திருகாணிகள், அவ்வளவே.

முதல் மூன்று சில்லுகள் எனக்குச் சரியாக வரவில்லை. மழை பெய்த நாள், காற்றில் ஈரம். படலம் திட்டுத் திட்டாகக் கிழிந்திருந்தது. "விடுங்கக்கா, ஈரம் குறையட்டும்" என்று சொன்னார் எனக்குத் துணையாக இருந்த சேலத்துத் தம்பி, ஆராய்ச்சி மாணவர். நான்காவது சில்லுதான் என்னை நாற்காலியை விட்டு எழுப்பிய சில்லு.

அன்று ராத்திரி விடுதி அறையில் தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். 60 நானோமீட்டர் இடைவெளியில் இப்படி அறுகோணமாக அடுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை புள்ளி? சுமார் 3,200 கோடி. விரல் நகம் அளவு இடத்தில்! ஒருவர் சோறு தண்ணீர் இல்லாமல் நொடிக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் முடிக்க ஆயிரம் ஆண்டு ஆகும். ராஜராஜ சோழன் காலத்தில் ஆரம்பித்திருந்தால் இப்போதுதான் கடைசிப் புள்ளி. அந்தச் சில்லு அதைக் கரைசல் உலரும் நேரத்துக்குள் முடித்துவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன அதிசயம் வேண்டும்?

அழகுக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. இதே தங்கப் புள்ளிகளின்மேல், ஒரு செல் பிடித்துக்கொள்ளும் சின்ன மூலக்கூறு ஒன்றை ஒட்டி, உயிருள்ள செல்களை மேலே விட்டுப் பார்த்தது ஷ்பாட்ஸின் குழு. 2004ல் வெளிவந்த முடிவு இது: புள்ளிகளின் இடைவெளி 58 நானோமீட்டர் வரை இருந்தால் செல் கெட்டியாகப் பிடித்துப் பரந்து உட்காருகிறது, 73 நானோமீட்டர் ஆகிவிட்டால் பிடி கிடைக்காமல் தவிக்கிறது. பதினைந்து நானோமீட்டர் வித்தியாசம் ஒரு செல்லுக்குத் தெரிகிறது! நம் உடம்புக்குள் இருக்கும் ஒரு செல் எவ்வளவு நுட்பமாகத் தடவிப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதை அளக்க, தானாக அடுக்கிக்கொள்ளும் பாலிமர்தான் அளவுகோல் ஆயிற்று. கணினிச் சில்லு செய்பவர்களும் இந்தப் பாலிமர்களின்மேல் கண் வைத்திருக்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே வெற்றிட இடைவெளி விட இந்தத் தானமைப்பைப் பயன்படுத்துவதாக ஐபிஎம் 2007லேயே அறிவித்தது.

இவ்வளவு போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மாதம் ஒரு மதியம் அந்தத் தம்பி அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிறப் புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே மெழுகு மாதிரி ஒரு பொருள். பென்டாடெசைல்ஃபீனால் என்று எழுதியிருந்தது.

"அக்கா, இது உங்க ஊர்ச் சரக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயிலிருந்து வர்றது. பண்ருட்டிப் பக்கம்தானே நீங்க?"

ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை எனக்கு.

பண்ருட்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. செம்மண் கொல்லை, முந்திரித் தோப்பு. என் அம்மா பதினெட்டு வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தார். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோலிலிருந்து எண்ணெய் தெறிக்கும். கையில் பட்டால் கொப்புளம், பிறகு தோல் உரியும், பிறகு கறுத்துப்போகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் யார் அம்மா கொட்டை உடைக்கிறார் என்று கேட்கவே வேண்டாம், கையைப் பார்த்தால் தெரியும். அந்தக் காசில்தான் நான் பி.எஸ்சி. சேர்ந்தேன். அந்த எண்ணெயை நான் வாழ்நாள் முழுக்க எதிரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணெயின் வேதியியலை அன்று மாலையே உட்கார்ந்து படித்தேன். பச்சைத் தோலில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். அதோடு கார்டால், கார்டனால். கையைச் சுட்டுக் கொப்புளிக்க வைப்பவை அமிலமும் கார்டாலும்தான். சூடுபடுத்தினால் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டு கார்டனாலாக மாறிவிடும். கார்டனாலோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அதன் வாலில் இருக்கும் கோணல்கள் நிமிர்ந்து பென்டாடெசைல்ஃபீனால் ஆகும். ஒரு முனையில் ஃபீனால் தலை, அதிலிருந்து பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு நேரான வால். ஆங்கில எழுத்து எதுவும் வேண்டாம், ஒரு தீக்குச்சியை நினைத்துக்கொண்டால் போதும். பெயிண்டிலும் வண்டிகளின் பிரேக்கிலும் இந்த எண்ணெயின் பொருள்கள் போகின்றன என்பது ஊரில் எண்ணெய் வாங்க வருபவர்கள் சொல்லித் தெரியும். தங்க மணிகளை வரிசையில் உட்கார வைக்கவும் போகிறது என்று யாரும் சொன்னதில்லை.

அது எப்படி என்று சொல்கிறேன், இதுதான் இந்தக் கதையின் சுவையான இடம். முதல் மாதத்தில் நான் செய்த முறையில் தங்கம் பந்துக்குள்ளேயே பிறக்கிறது. ஆனால் ஏற்கெனவே செய்து வைத்த நானோ துகள்களை, அது தங்கமோ ஒளிரும் குவாண்டம் புள்ளியோ, பாலிமருக்குள் வரிசையாக அடுக்க வேண்டும் என்றால் சிக்கல். பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவில் ஒரு கெட்டியான உருண்டை வந்தால் சங்கிலிகள் அதைச் சுற்றிக்கொண்டு நீண்டு வளைய வேண்டும். அது அவற்றுக்குப் பிடிக்காது. துகளை வெளியே தள்ளிவிடும், துகள்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துகொள்ளும். ஒவ்வொரு துகளுக்கும் அந்தந்தப் பாலிமருக்கு ஏற்ற மேலாடையை ஒட்டிச் சமாளிக்கலாம். துகள் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு கல்யாணப் பந்தியை நினையுங்கள். பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் முன்பின் பழக்கம் இல்லை, யார் எங்கே உட்காருவது என்று தயங்கி நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் சொந்தமான ஓர் அத்தை வருகிறார். "வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். பந்தி நிறைந்துவிடுகிறது. முந்திரியின் பென்டாடெசைல்ஃபீனால் அந்த அத்தை. அதன் தலை, பாலிமரின் பிரிடின் துண்டுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். அதன் நீண்ட வாலோ, நானோ துகளின் மேலே வழக்கமாகப் போர்த்தியிருக்கும் கார்பன் சங்கிலிகளுக்குச் சொந்தம். துகள் அந்த வால்களைப் பார்த்து, இது நம்ம வீடு என்று உள்ளே வந்துவிடுகிறது. துகளையும் மாற்ற வேண்டியதில்லை, பாலிமரையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த அத்தையைப் பாலிமர் உலகத்துக்கு அழைத்து வந்தவர்கள் ஃபின்லாந்தின் ஒல்லி இக்கலாவும் நெதர்லாந்தின் கெரிட் டென் பிரிங்கேயும் அவர்கள் குழுவினரும். 1998ல் வந்த அவர்கள் கட்டுரையில் இதே மூலக்கூறைப் பிரிடின் பாலிமரோடு கட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அளவில் வரிகள் வரவைத்தார்கள். அந்த அத்தையிடம் நானோ துகள்களைப் பந்திக்கு அழைக்கச் சொன்னவர் பெர்க்லியில் இருக்கும் டிங் ஷூ. அவருடைய குழுவின் கட்டுரை 2009ல் வந்தது. சூடாக்கினால் ஹைட்ரஜன் பிணைப்பின் பிடி தளர்ந்து துகள்களின் இடைவெளி மாறுகிறது, ஆறினால் திரும்ப வருகிறது என்பதையும் காட்டினார்கள். முதலில் படலம் ஒழுங்காகி வர நேரம் பிடித்தது. 2014ல் அதே குழு, கரைப்பான் ஆவியைக் கொடுக்கும் பக்குவத்தைச் சரியாகப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் ஒழுங்கு வந்துவிடும் என்று செய்து காட்டியது. ஒரு நிமிடம்!

நானும் செய்தேன். பாலிமரையும் முந்திரி மெழுகையும் குளோரோஃபார்மில் கரைத்து ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டேன். தனியே செய்து வைத்திருந்த தங்கத் துகள்களின் செந்நிறக் கரைசலை அதில் சேர்த்தேன். சிலிக்கான் தட்டில் சுழற்றி மெல்லிய படலமாக்கினேன். அதை ஒரு மூடிய ஜாடிக்குள் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்தபோது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆவியைக் குடித்துப் படலம் உப்புகிறது. உப்ப உப்ப அதன் நிறம் மாறுகிறது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியில் வானவில் தெரியுமே, அதே இயற்பியல். நிறம் பார்த்தே எவ்வளவு தடித்திருக்கிறது என்று அந்தத் தம்பி சொல்லிவிடுவார். மூடியைத் திறந்தால் நிறங்கள் வந்த வழியே திரும்பிப் போகின்றன. அந்த நேரத்தில் உள்ளே கோடிக்கணக்கான சங்கிலிகள் தங்கள் இடத்தைத் தேடி அசைந்து, தங்கத் துகள்களையும் கையோடு அழைத்துப்போய் உட்கார வைத்துக்கொண்டிருக்கின்றன. நான் ஜாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

படலத்தை உரித்தெடுத்து ஊடுருவும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். இந்த முறை வெளிர் தரை, கறுப்புப் புள்ளிகள். பார் பிடித்து நட்ட கரும்புக் கொல்லையைப் பனைமர உச்சியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி வரிசை வரிசையாகத் துகள்கள். வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி. சில இடங்களில் வரிசை வளைந்தது, சில இடங்களில் ஒரு வரிசை நடுவில் நின்றுபோனது. ஆனாலும் அது கொல்லைதான், உழவன் இல்லாத கொல்லை.

நம் நாட்டிலும் இந்த முந்திரி மூலக்கூறின் அருமை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. திருவனந்தபுரத்தில் சி.கே.எஸ். பிள்ளை கார்டனாலிலிருந்து பாலிமர்கள் செய்ய வாழ்நாளைக் கொடுத்தவர். அதே ஊரில் இருந்தபோது மாணிக்கம் ஜெயகண்ணன் கார்டனாலை ஒரு சோப்பு போன்ற மூலக்கூறாக மாற்றி, அதை அச்சாக வைத்து மின்சாரம் கடத்தும் பாலிஅனிலின் நானோ இழைகளை ஒழுங்காக வளர்த்தார். இப்போது புனேயில் இருக்கிறார். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் எஸ்.கே. ஆஷா, பென்டாடெசைல்ஃபீனாலோடு மின்னூட்டம் கடத்தும் நிறமிகளை இணைத்து அவற்றைப் பிரிடின் பாலிமரில் அடுக்கிக் காட்டினார். அதே ஆய்வகத்தில் குருசாமி குமாரசாமியின் குழு 2009ல், பாலிமருக்குப் பதிலாகச் சோப்பு மூலக்கூறுகளின் அறுகோண அமைப்பைக் கொண்டு சிலிக்கா துகள்களை வலைபோல் கோத்தது. பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். என் மாணவிகளுக்கு நான் இந்தப் பெயர்களை எழுதிப் போட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன் இப்போது.

ஜூலையில் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த இரண்டு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தங்கப் புள்ளிப் படத்தைக் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாடி இது, கோலத்துக்குப் புள்ளி வச்சிருக்குது?"

"யாரும் வைக்கலம்மா. அதுவா வந்துச்சு."

"நேர்ப்புள்ளி இல்ல. ஊடுபுள்ளி."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அறுகோண அடுக்கு என்று நான் இரண்டு மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா ஒரே பார்வையில் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். வரிசைக்கு வரிசை நேருக்கு நேர் வைத்தால் நேர்ப்புள்ளி. முந்தின வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வைத்தால் ஊடுபுள்ளி. எத்தனை மார்கழி! பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

"இங்க ஒண்ணு தப்பிப் போயிருக்குது பாரு. இத்தச் சுத்தி அஞ்சுதான் இருக்குது."

அந்த இடத்தை நான் கவனித்திருக்கவில்லை. ஐந்து அண்டைப் புள்ளிகள் உள்ள ஒன்று, அதை ஒட்டி ஏழு உள்ள ஒன்று. படிகத்தின் பிழை அது. பாடப்புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் கணினி நிரல் தேடிக் கண்டுபிடிப்பதை அம்மாவின் கண் தேடாமலேயே கண்டுபிடித்தது.

இரண்டாவது படத்தைக் கொடுத்து, இது முந்திரித் தோல் எண்ணெயால் வந்தது என்றேன். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்த எண்ணெயா?" என்றார். "இதே எண்ணெய்தாம்மா." அவ்வளவுதான் பேசினோம். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் மாணவிகளுக்கு இதை எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். வழி 1947லேயே இருக்கிறது. லாரன்ஸ் பிராகும் ஜான் நையும் அந்த வருடம் சோப்புக் குமிழிகளால் படிகம் செய்து காட்டினார்கள். திண்டிவனத்தில் மீன் தொட்டி விற்கும் கடையில் ஒரு சின்னக் காற்று பம்பு வாங்கினேன். அதன் குழாய் நுனியில் ஊசி. ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும். ஊசி முனையைத் தண்ணீருக்குள் ஒரே ஆழத்தில் பிடித்தால் கடுகு அளவுக் குமிழிகள், எல்லாம் ஒரே பருமனில், வந்துகொண்டே இருக்கும். மேலே வந்ததும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ஒன்றைச் சுற்றி ஆறாக, தட்டு முழுக்க ஊடுபுள்ளி! வகுப்பே எழுந்து வந்து தட்டைச் சுற்றி நின்றுவிட்டது. ஒரு திட்டின் வரிசை ஒரு திசையிலும் பக்கத்துத் திட்டின் வரிசை இன்னொரு திசையிலும் போவதும், இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு தெரிவதும், தட்டின் ஓரத்தை மெல்லத் தட்டினால் எல்லை நகர்ந்து சிறிய திட்டைப் பெரிய திட்டு விழுங்குவதும் கண்ணுக்கு நேராக நடக்கும். ஆவியில் வைத்தபோது என் படலத்துக்குள் நடந்ததும் இதே சங்கதிதான். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் யாராக இருந்தாலும் நாளைக்கே செய்யலாம்.

இத்தனை வருடம் ஒழுங்கு என்றால் அடித்து, அளந்து, கோடு போட்டு வரவைப்பது என்றே நம்பியிருந்தேன். வகுப்பிலும் அப்படித்தான் நடந்துகொண்டேன். பொருள்களின் சுபாவம் தெரிந்து, யாருக்கு யார் சொந்தம் என்று அறிந்து, நடுவில் சரியான ஓர் உறவைச் சேர்த்து, அசைந்துகொள்ளக் கொஞ்சம் இடமும் நேரமும் கொடுத்தால் ஒழுங்கு உள்ளிருந்தே வரும் என்பதை இந்தப் பாலிமர்கள் எனக்குக் காட்டின. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சுவதுதான் மனிதர் வேலை. கல்லுப்பைக் கனசதுரமாகக் கட்டுவது உப்பின் வேலை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்த அறிவியல் அந்நியமே இல்லை.

அதனால் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நானோ என்றால் அமெரிக்கா, ஜெர்மனி என்று ஒதுங்கிப் போகாதீர்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நானோ அறிவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நான் போய் வந்த கோடைகாலப் பயிற்சிக்கு ஒவ்வோர் ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்கிறார்கள். கட்டணம் கட்டிப் போகும் இடமில்லை அது, உதவித்தொகை கொடுத்து அழைக்கும் இடம். தமிழ் வழியில் படித்தவள்தான் நானும். உங்கள் வீட்டில் யாராவது முந்திரிக்கொட்டை உடைக்கிறார்கள் என்றால் அந்தக் கையைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். அந்தக் கறைக்குள் பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால் இருக்கிறது. தங்கத்தை வரிசையில் உட்கார வைக்க அதற்குத் தெரியும். விண்ணப்பம் போடுங்கள்.